என்ஜின் போன இடத்தில் வந்த சாமி

என்னைப் பெண் பார்க்க வருசநாட்டிலிருந்து வந்தவர்கள் என் ஆத்தாவிடம் முதலில் கேட்டது, "அந்த டிராக்டரு ஓடுதா?" என்பதுதான்.

எனக்குச் சோறாக்கத் தெரியுமா, களை வெட்டத் தெரியுமா என்று ஒருத்தரும் கேட்கவில்லை. மாப்பிள்ளையின் பெரியப்பா வெற்றிலையில் சுண்ணாம்பு தடவிக்கொண்டே கேட்டார். ஆத்தா இல்லை என்று தலையை ஆட்டினாள். அவர் சுண்ணாம்பு விரலை நிறுத்திவிட்டு, "அவுத்துப் போட்டது ஒங்க மகன்தானாமே?" என்றார். அதற்கும் ஆத்தா தலையை ஆட்டினாள், வேறு விதமாக. கொண்டு வந்த வாழைப்பழத்தை வைத்துவிட்டு, பூவை மட்டும் திரும்ப மடியில் கட்டிக்கொண்டு போனார்கள்.

டிராக்டரை அவிழ்த்த என் அண்ணன் ஆடி மாதத்தில் மலைக்காய்ச்சல் வந்து செத்துப் போயிருந்தான். அவன் அவிழ்த்த என்ஜின் அப்போது மதுரையில் ஒரு பட்டறையில் கிடந்தது.

அந்த டிராக்டர் எங்கள் முதலாளியுடையது. உலகச் சண்டை முடிந்த பிறகு, பட்டாளத்துச் சாமான்களை ஏலம் போட்ட இடத்தில் எடுத்து வந்தார். குச்சனூருக்கும் சின்னமனூருக்கும் நடுவில், மலைப்பக்கமாக ஏறும் செம்மண் பூமி, செவல் காடு முழுக்க அவருக்குத்தான். வாய்க்கால் தண்ணீர் ஏறாத காடு. அதை உழுவதற்கு டிராக்டர், டிராக்டரை ஓட்டுவதற்கு அண்ணன், அண்ணன் தங்குவதற்கு டிராக்டர் கொட்டகையை ஒட்டி ஒரு வீடு, அந்த வீட்டில் ஆத்தாவும் நானும். அப்பா நான் தவழும்போதே போய்ச் சேர்ந்துவிட்டார். மூன்றாம் வகுப்போடு என் படிப்பு நின்றது. அண்ணனுக்கு அதுவும் இல்லை. ஆனால் அவன் என்ஜினிடம் காதை வைத்துக் கேட்டுவிட்டு, அதற்கு என்ன நோவு என்று சொல்வான்.

டிராக்டர் கரும்புகை விட ஆரம்பித்தது. டீசல் குடிக்கிற அளவுக்கு மசகெண்ணெயும் குடித்தது. ஏர் மண்ணில் இறங்கினால் மூச்சு முட்டி நின்றது. அண்ணன் முதலாளியிடம் போய், "இதுக்கு நெஞ்சு கெட்டுப் போச்சு மொதலாளி. தொறந்து புதுச் சாமான் போட்டாத்தான் தேறும்" என்றான். முதலாளிக்கு மனமில்லை. புகை விட்டாலும் ஓடத்தானே செய்கிறது என்றார். அண்ணன் தினமும் போய் நின்று, கடைசியில் சரி என்று சொல்ல வைத்தான். என்ஜினை அவிழ்த்து, சங்கிலி போட்டுத் தூக்கி, பருத்திப் பொதி ஏற்றிப் போன லாரியில் மதுரைக்கு அனுப்பினான். லாரி தேனிப் பாதையில் திரும்பும் வரை பார்த்துக்கொண்டு நின்றான். அந்த வாரத்திலேயே காய்ச்சலில் விழுந்தான்.

ஊரில் என்ன பேசினார்கள் என்றால், ஓடிக்கொண்டிருந்த என்ஜினை அவிழ்த்தான், திரும்ப மாட்டத் தெரியவில்லை, அந்தப் பயத்தில்தான் காய்ச்சல் வந்தது என்று பேசினார்கள். காய்ச்சலுக்கே அவமானமாக இருந்திருக்கும். எனக்கு அண்ணன் செத்தது ஒரு பக்கம். செத்த பிறகும் அவனைக் கடைத்தெருவில் வைத்துத் திட்டியது இன்னொரு பக்கம். அந்த என்ஜின் திரும்பி வந்து, மாட்டி, ஒரு தடவை ஓடிவிட்டால் போதும் என்று நினைத்தேன். கல்யாணம் நடந்தால் என்ன, நடக்காவிட்டால் என்ன. அவன் அவிழ்த்தது சரிதான் என்று யாராவது ஒருத்தர் வாயால் கேட்க வேண்டும்.

மதுரைக்காரர்கள் சாமான் கப்பலில் வர வேண்டும் என்றார்கள். மாதங்கள் போயின. என்ஜின் இல்லாத டிராக்டர் கொட்டகையில் நின்றது. இந்த இடத்தில்தான் சாமி வந்தது.

டிராக்டரில் இரண்டு நீளமான இரும்புச் சட்டங்கள் இருக்கும். அதன் மேல்தான் என்ஜின் உட்காரும். என்ஜினை எடுத்துவிட்டால் பின்னால் கியர்பெட்டியின் வாய் தெரியும். வட்டமான ஒரு குழி. குழியின் நடுவில் ஒரு தண்டு நீட்டிக்கொண்டிருக்கும், அதில் சுற்றிலும் நீள நீளமாகப் பல் வெட்டியிருக்கும். அந்தத் தண்டு போய் என்ஜின் பக்கத்தில் இருக்கும் கிளச்சுத் தகட்டுக்குள் சொருகினால்தான் என்ஜினும் சக்கரமும் ஒன்றாகும். இதெல்லாம் அண்ணன் சொல்லித்தான் எனக்குத் தெரியும். ஆத்தாவுக்கு அது ஒரு மாடக்குழி. விளக்கு வைப்பதற்குச் சுவரில் விட்டிருப்போமே, அதே வட்டம், அதே ஆழம்.

பெண்கள் சுடுகாட்டுக்குப் போவதில்லை. அண்ணன் நல்லபடியாக நின்று ஆத்தா கடைசியாகப் பார்த்தது அந்தக் கியர்பெட்டிக்கு முன்னால்தான். அதனால் காரியம் முடிந்த வெள்ளிக்கிழமை அங்கே ஒரு அகல் கொண்டுபோய் வைத்தாள். கொட்டகையில் காற்று அள்ளிக்கொண்டு போகும். குழிக்குள் வைத்த விளக்கு அணையவே இல்லை. இந்த ஒரு விஷயம்தான் அவள் மனதில் பட்டது. அடுத்த வெள்ளி தண்டுக்குச் சந்தனம் பூசினாள், குங்குமம் வைத்தாள். அண்ணனுக்குப் பிடித்த பீடி ஒன்றை ஓரத்தில் வைத்தாள். அவன் பேரைச் சொல்லி ஏதோ பேசுவாள். நான் பக்கத்தில் நிற்க மாட்டேன். நான் அழவில்லை என்று ஊரில் சொன்னார்கள், உண்மைதான். எனக்கு அழுகைக்குப் பதிலாகக் கோபம் வந்தது, பீடியைப் பார்த்தால் அதிகமாக வந்தது.

பிறகு ஒருத்தியின் பசுமாடு காணாமல் போனது. ஆத்தா விளக்கு வைத்திருந்த நேரத்தில் அவள் தேடிக்கொண்டு வந்து, கும்பிட்டுவிட்டுப் போனாள். மாடு அவள் வீட்டு வாசலில் நின்றது. மாடு தினமும் அந்த நேரத்துக்குத்தான் வரும் என்பதை யாரும் யோசிக்கவில்லை. மறு வெள்ளி பத்துப் பெண்கள் சந்தனக் கிண்ணத்தோடு வந்தார்கள். மஞ்சள் கயிறு கட்டினார்கள். தண்டுச்சாமி என்று பேர் வந்தது. முதலாளியின் காளைகளை மேய்க்கிறவர் ஒருவர் இருந்தார், நான் மாட்டுக்கார மாமா என்று கூப்பிடுவேன். டிராக்டர் வந்ததிலிருந்து அவருக்கு மரியாதை குறைந்துபோயிருந்தது. அவர் கனவில் தண்டுச்சாமி வந்து, திருநீறு கொடுக்கச் சொன்னதாம். அன்றிலிருந்து கொட்டகைக்கு அவர் பூசாரி.

இதில் முதலாளிக்கும் சந்தோசம்தான். டிராக்டர் ஓடாதது அவருக்குக் கௌரவக் குறைச்சலாக இருந்தது. சாமியாகிவிட்டால் ஓட வேண்டியதில்லையே. சித்திரையில் வீரபாண்டித் திருவிழாவுக்கு டிராக்டரில்தான் போவேன் என்று பிடிவாதம் பிடித்தார். என்ஜின் உட்காரும் ஓட்டைகளில் ஒரு மரக்கட்டையைப் போல்ட்டுப் போட்டு முடுக்கி, அதில் நுகத்தடி கட்டி, நான்கு காளைகளைப் பூட்டினார்கள். முதலாளி மேலே உட்கார்ந்து ஸ்டீரிங்கைப் பிடித்துக்கொண்டார். மாட்டுக்கார மாமா முன்னால் நடந்தார். வழியெல்லாம் ஜனம் வேடிக்கை பார்த்தது. பாலத்துக்குப் பக்கத்தில் ஒரு கிழவர், "மாட்டுக்குப் பதிலா டிராக்டருன்னாக. இப்ப டிராக்டருக்குப் பதிலா மாடா?" என்று கேட்டதாகச் சொன்னார்கள். முதலாளி காதில் விழாதது போல ஹாரனை அமுக்கினாராம். பேட்டரியையும் மதுரைக்கு அனுப்பியிருந்ததால் அதுவும் சத்தம் போடவில்லை.

வைகாசியில் என்ஜின் வந்தது. ஆனால் சனிக்கிழமை வந்தது.

எங்கள் பக்கம் சனிக்கிழமை இரும்பு வீட்டுக்குள் வரக்கூடாது. இரும்பு சனீஸ்வரனுடையது. மற்ற ஊர்க்காரர்கள் இதைக் கொஞ்சம் விட்டுக்கொடுப்பார்கள். நாங்கள் சனீஸ்வரன் கோயில் இருக்கிற குச்சனூருக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு எப்படி விட முடியும்? ஆணி வாங்கினால்கூட வெள்ளியோ ஞாயிறோதான். முதலாளி லாரியை ஊர் எல்லைக் கல்லுக்கு அந்தப் பக்கம் நிறுத்தச் சொல்லிவிட்டார். லாரிக்காரர் கம்பத்துக்குப் போகிற அவசரத்தில் இருந்தார். "லாரியே இரும்புதானய்யா, அது மட்டும் எப்படி வந்துச்சாம்?" என்று கத்தினார். லாரி இன்னும் எல்லையைத் தாண்டவில்லையே என்று மாட்டுக்கார மாமா பதில் சொன்னார். ஞாயிறு விடிந்த பிறகுதான் இறக்கினார்கள். லாரிக்காரர் இறக்குகிற வரைக்கும் எல்லோரையும் பெயர் சொல்லித் திட்டினார், அண்ணனை மட்டும் திட்டவில்லை. அவனைத் தெரியாததால்தான். இருந்தாலும் அவருக்கு நான் மோர் கொடுத்தேன்.

மாட்டுவதற்கு மேகமலை எஸ்டேட்டிலிருந்து ஒரு மேஸ்திரி வந்தார். தேயிலைப் பட்டறை என்ஜின்களைப் பார்க்கிறவர், குமுளிப் பக்கத்து ஆள், பேச்சில் மலையாளம் கலந்து வரும். எது தப்பினாலும் "சாரமில்ல" என்பார். பரவாயில்லை என்று அர்த்தம். வந்த முதல் நாளே எங்களுக்கெல்லாம் அந்த வார்த்தை பாடமாகிவிட்டது.

என்ஜின் பச்சைப் பெயிண்ட் அடித்துப் புதுசாக இருந்தது. கொட்டகைக்குள் மூன்று தேக்குக் கட்டைகளைச் சேர்த்து நிறுத்தி, சங்கிலி போட்டு அதைத் தூக்கினார்கள். சட்டத்துக்கு மேலே கொண்டுவந்து மெல்ல இறக்கினார்கள். நான்கு கால்களில் இரண்டுதான் ஓட்டைக்கு நேராக வந்தன. மற்ற இரண்டு ஓட்டைகளும் தட்டைப்பயறு விதை மாதிரி நீண்டு போயிருந்தன. காளை இழுத்த இழுப்பு. மேஸ்திரி முதலாளியைப் பார்த்தார். முதலாளி மேலே கூரையைப் பார்த்தார். "சாரமில்ல" என்று சொல்லி, மேஸ்திரி பெரிய வாஷர் வெட்டிப் போட்டுக்கொள்ளலாம் என்றார்.

அடுத்து என்ஜினைப் பின்னால் தள்ளினார்கள். கிளச்சுத் தகட்டுக்குள் தண்டு போக வேண்டும். போகவில்லை. இரண்டு விரல் இடைவெளி விட்டு நின்றது. தூக்கிப் பார்த்தார்கள், சாய்த்துப் பார்த்தார்கள், என்ஜினைக் கையால் சுழற்றுகிற முன்கைப்பிடியைச் சுற்றிப் பல்லுக்குப் பல் பிடிக்கிறதா என்று பார்த்தார்கள். ஆறு பேர் சேர்ந்து தள்ளியபோது டிராக்டரே பின்னால் நகர்ந்து சுவரில் இடித்தது. இடைவெளி மட்டும் அப்படியே இருந்தது.

மதுரைக்காரர்கள் என்ஜினை மாற்றிக் கொடுத்துவிட்டார்கள் என்று ஒருவர் சொன்னார். வெயிலில் நின்ற டிராக்டர் சுருங்கிவிட்டது என்றார் இன்னொருவர். அது சுருங்காது, என்ஜின்தான் மதுரைத் தண்ணிக்கு ஊதியிருக்கும் என்றார் மாட்டுக்கார மாமா. ஒருவர் சாணால் அளந்தார். அவர் சாண் சின்னது என்று வேறு ஒருவர் அளந்தார். அதோடு என்ஜின் ஒரே நேரத்தில் இரண்டு நீளமாக ஆனது. முதலாளி இரண்டு அளவையும் கேட்டுக்கொண்டார். பிறகு சொன்னார்.

"கழட்டுனவன் தண்ட வளச்சுட்டுப் போயிருக்கான்."

எல்லோரும் தலையை ஆட்டினார்கள். நான் அடுப்புக்கு விறகு எடுத்துக்கொண்டு போகிறவள் போல அங்கேயே நின்றுகொண்டிருந்தேன். ஒரு விறகை எடுத்து அவர் காலில் போட்டிருப்பேன். கை வரை வந்துவிட்டது. ஆத்தாவைப் பார்த்தேன். அவள் குழியைப் பார்த்துக்கொண்டிருந்தாள், எதையோ இப்போதுதான் கணக்குப் போடுகிறவள் மாதிரி.

மேஸ்திரி என்ஜினை முன்னுக்கு இழுக்கச் சொல்லி, குழிக்குள் தலையை விட்டார். வெகு நேரம் வெளியே வரவில்லை. வந்தபோது மூக்கு நுனியில் குங்குமம் இருந்தது.

"இதெந்தா இது? ஷாப்டெவிட? பல்லெவிட?" என்றார். தண்டு எங்கே, பல் எங்கே என்று கேட்கிறார்.

பத்து மாதத்துச் சந்தனம். அதன் மேல் குங்குமம், அதன் மேல் விளக்கெண்ணெய்ப் புகை, மறுபடி சந்தனம். வெயில் காலத்துக் கொட்டகையில் அது காய்ந்து காய்ந்து சுட்ட செங்கல்லாகியிருந்தது. பல்லுக்கு நடுவில் இருந்த பள்ளமெல்லாம் அடைந்து, தண்டு வழவழவென்று ஒரு உலக்கை மாதிரி இருந்தது. மஞ்சள் கயிறுகளும் அதற்குள்ளேயே புதைந்து கிடந்தன. எனக்கு அந்த இடத்தில் சிரிப்பு வந்துவிட்டது. அண்ணன் தண்டை வளைக்கவில்லை. அவனுக்குப் படைத்துப் படைத்துத்தான் தண்டு அடைத்துப் போயிருக்கிறது. சத்தமாகச் சிரித்திருக்க வேண்டும், எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

மேஸ்திரி உளியையும் சுத்தியலையும் எடுத்தார். ஒரு தட்டுத்தான் தட்டியிருப்பார். மாட்டுக்கார மாமாவுக்கு அருள் வந்துவிட்டது. உடம்பு உதறி, தலைப்பாகை அவிழ்ந்து, இரண்டு சுற்றுச் சுற்றி வந்து மேஸ்திரியின் முன்னால் நின்றார்.

"ஏலே, யாருலே நீ? எம்மேனியிலயா கை வைக்கிற?"

மேஸ்திரி பயப்படவில்லை. "ஞான் கை வெச்சில்ல சாமி. உளியாக்கும் வெச்சது" என்றார்.

சாமிக்கு அந்தப் பதில் போதவில்லை. பெண்கள் கூடிவிட்டார்கள். சந்தனக்காப்பைச் சுரண்டினால் ஊருக்கு ஆகாது என்றாள் பசுமாட்டுக்காரி. சாமியை அடைத்து அதன் மேல் ஒரு என்ஜினை வைப்பதா என்று ஒருத்தி கேட்டாள். மூலஸ்தானத்துக் கதவைச் சாத்தி வைப்பதில்லையா, அது மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள் என்று முதலாளி சொல்லிப் பார்த்தார். சாத்தின கதவை மறுநாள் திறப்பார்களே என்றாள் அவள். செவல் காட்டை மழைக்கு முன்னால் உழுதாக வேண்டும். என்ஜின் சங்கிலியில் தொங்கிக்கொண்டிருந்தது.

வெள்ளிக்கிழமை சாமியிடமே பூக்கேட்பது என்று முடிவானது. வெள்ளைப் பூ ஒரு இலையில், செவ்வரளி ஒரு இலையில் கட்டி, எது எதென்று தெரியாமல் சாமி முன்னால் போட்டுக் குழந்தையை எடுக்கச் சொல்வது. வெள்ளை வந்தால் சாமி சம்மதித்தது. ஒரு சின்னப் பிள்ளையை விட்டு எடுக்கச் சொன்னார்கள். சிவப்பு வந்தது. முதலாளி, பிள்ளை தூக்கக் கலக்கத்தில் எடுத்துவிட்டது என்று மறுபடி போடச் சொன்னார். மறுபடி சிவப்பு. மூன்றாவது தடவை போட்டபோது வேறு பிள்ளையைத் தேடிக்கொண்டு எல்லோரும் வெளியே பார்த்தார்கள். அந்த நேரத்தில் எங்கள் வெள்ளாடு உள்ளே வந்து இரண்டு பொட்டலத்தையும் தின்றுவிட்டது.

ஆடு முதலில் தின்றது எந்தப் பொட்டலம் என்று ஒரு வழக்கு நடந்தது. முதலாளி அது வெள்ளையைத்தான் முதலில் கடித்தது, தன் கண்ணால் பார்த்ததாகச் சொன்னார். இலைக்குள் இருந்த பூ உங்கள் கண்ணுக்கு எப்படித் தெரிந்தது என்று மாட்டுக்கார மாமா கேட்டார். மேஸ்திரி இதெல்லாம் முடியட்டும் என்று தொங்குகிற என்ஜினுக்குக் கொஞ்சம் தள்ளித் துண்டை விரித்துப் படுத்துவிட்டார். மறுநாள் மலையேறிவிடுவதாகவும் சொன்னார். அவர் போய்விட்டால் அவ்வளவுதான். என்ஜினை விற்றுவிட்டு, தண்டுக்குச் சின்னதாக ஒரு கோயில் கட்டிவிடலாம் என்று முதலாளி பேச ஆரம்பித்திருந்தார். கோயிலில் என்ன எழுதினாலும், ஊர் சொல்லப் போவது ஒன்றுதான். என் அண்ணன் அவிழ்த்துக் கெடுத்த டிராக்டர் இது என்று, காலத்துக்கும்.

அன்று சாயங்காலம் ஆத்தாவிடம் நான் கொஞ்சம் கடுமையாகப் பேசிவிட்டேன். ஒன்னாலதான் அடஞ்சு கெடக்கு, ஒன் மகன் பேருதான் நாறுது என்றேன். அவள் சீயக்காயை எடுத்து வெயிலில் காய்ந்துவிட்டதா என்று ஒடித்துப் பார்த்தாள்.

மறுநாள் சனிக்கிழமை. மேஸ்திரி பையைக் கட்டிக்கொண்டிருந்தார். ஆத்தா ஒரு கிண்ணத்தில் நல்லெண்ணெயைக் காய்ச்சி எடுத்துக்கொண்டு, சீயக்காய்த் தூளும் தேங்காய் நாருமாகக் கொட்டகைக்குள் போனாள். என்னைப் பெரிய அண்டாவில் வெந்நீர் கொண்டு வரச் சொன்னாள். முதலாளி இருந்தார். மாட்டுக்கார மாமா திருநீற்றுத் தட்டோடு இருந்தார். ஆத்தா குழிக்கு முன்னால் உட்கார்ந்து, முந்தானையை இழுத்துச் சொருகிக்கொண்டாள்.

"சனிக்கெழம இரும்புல கை வைக்காத தாயி" என்றார் முதலாளி.

"சனிக்கெழமதான மொதலாளி, ஆம்பளப் பிள்ளைக எண்ண தேச்சுக் குளிக்கிறது" என்றாள் ஆத்தா. "எம்பிள்ள போன ஆடியிலருந்து எண்ண தேய்க்காமக் கெடக்கான்."

மாட்டுக்கார மாமாவைத்தான் எல்லோரும் பார்த்தார்கள், அருள் வரும் என்று. அவர் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். சாமியாக இருந்தால் என்ன, பெற்றவள் குளிப்பாட்டுகிறேன் என்றால் எந்தச் சாமி வேண்டாம் என்று சொல்லும்? கடைசியில் அவரே, "தண்ணி கொதிக்கக் கொதிக்க ஊத்திராதத்தா" என்று மெதுவாகச் சொன்னார்.

ஆத்தா தண்டில் எண்ணெயை ஊற்றி ஊறவிட்டாள். மேஸ்திரி பையை இறக்கி வைத்துவிட்டு வந்து, தண்டின் அடியில் தண்ணீர் உள்ளே போகாமல் துணியைச் சுருட்டித் திணித்தார். பிறகு ஆத்தா நாரால் தேய்த்தாள். ஒவ்வொரு பல்லாக, அதன் இடுக்கில் விரலை விட்டு. அண்ணனுக்குக் காதுக்குப் பின்னால் தேய்க்கும்போது அவன் நெளிவான், அவள் தலையில் ஒரு குட்டு வைப்பாள். அன்றைக்கும் ஒரு இடத்தில் சந்தனம் வராமல் அடம் பிடித்தபோது தண்டின் மேல் ஒரு குட்டு வைத்தாள். யோசித்து வைக்கவில்லை, கை தானாகப் போனது. நான் சொம்பில் வெந்நீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். எனக்கு அப்போதுதான் அழுகை வந்தது. பத்து மாதம் கழித்து, ஒரு கியர்பெட்டிக்கு முன்னால். நிறுத்த முடியவில்லை. சொம்பில் பாதி வெளியே போனது. தண்ணீர் மஞ்சளாக ஓடியது, சிவப்பாக ஓடியது, கடைசியில் வெறும் தண்ணீராக ஓடியது. மஞ்சள் கயிறுகளை ஆத்தா எடுத்து ஓரமாக வைத்தாள்.

துவட்டிவிட்டாள். வழக்கம்போல நெற்றியில் திருநீறு வைக்கப் போன கையை மேஸ்திரி பிடித்துக்கொண்டார். "வேண்ட அம்மே. கிரீஸ் இட்டா மதி" என்றார். கிரீஸ் போட்டால் போதுமாம். ஆத்தா அவர் கொடுத்த கிரீஸை விரலில் தொட்டு, பொட்டு வைப்பது போல வைத்தாள். அவர் அதைத் தடவிப் பரப்பிக்கொண்டார்.

என்ஜினைத் தள்ளினார்கள். மேஸ்திரி குனிந்து பார்த்துக்கொண்டே, முன்கைப்பிடியை ஒரு மயிரளவு சுற்றச் சொன்னார். ஆறு பேரும் தள்ள வேண்டியிருக்கவில்லை. டொக் என்று ஒரு சத்தம். இடைவெளி இல்லை. ஆத்தா, "போய்ட்டு வாய்யா" என்று சொன்னாள், வேலைக்குப் போகிறவனிடம் சொல்கிற மாதிரி. அதற்குப் பிறகு குழி தெரியவில்லை.

இரும்பு வேலை நடந்தது சனிக்கிழமை என்பதால் முதலாளி, இதுவரை நடந்தது குளியல்தான், வேலை நாளைக்குத்தான் என்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரி அறிவித்தார். போல்ட்டுகளை முடுக்குவது ஞாயிற்றுக்கிழமை என்று வைத்துக்கொண்டார்கள். அண்ணன் அவற்றை எந்தெந்த இடத்துக்கு எது என்று தனித்தனித் துணியில் முடிந்து வைத்திருந்தான், அதனால் மேஸ்திரிக்குச் சிரமமில்லை. எல்லாம் மாட்டி முடிந்தது. ஒரே ஒரு போல்ட்டு மிச்சமிருந்தது.

எந்தத் துணியிலிருந்து வந்தது என்று தெரியவில்லை. மேஸ்திரி டிராக்டரைச் சுற்றிச் சுற்றி வந்தார். எங்கேயும் ஓட்டை காலியாக இல்லை. முதலாளியின் முகம் மாறுவதைப் பார்த்தேன். இத்தனைக்கும் பிறகு ஒரு போல்ட்டில் போய் நிற்கிறதே என்று நினைத்தேன்.

"சாரமில்ல" என்றார் மேஸ்திரி.

எலுமிச்சம்பழம் நான்கு சக்கரத்திலும் வைத்தார்கள். இரண்டு பேர் கைப்பிடியைப் பிடித்துச் சுற்றினார்கள். முதல் சுற்றில் தும்மியது. இரண்டாவதில் இருமியது. பிறகு பிடித்துக்கொண்டது. கொட்டகையின் கோழியெல்லாம் கூரைக்குப் பறந்தது. புகை கொஞ்சம் வெள்ளையாக வந்து, அப்புறம் கண்ணுக்கே தெரியவில்லை. முதலாளி புகைக்குழாய் பக்கத்தில் போய்க் கையை நீட்டிப் பார்த்தார். கையில் கரி ஒட்டவில்லை. திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நெஞ்சுதான் கெட்டுப் போயிருந்திருக்கு. பய சரியாத்தான் சொல்லியிருக்கான்."

சத்தத்தில் மற்றவர்களுக்குக் கேட்டிருக்காது. எனக்குக் கேட்டது. ஆத்தாவுக்குக் கேட்டதா என்று தெரியவில்லை, அவள் கோழியை இறக்கிக்கொண்டிருந்தாள்.

ஊர் அதை அவ்வளவு எளிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கடைத்தெருவில் பேச்சு போல்ட்டில்தான் நின்றது. ஒரு போல்ட்டு இல்லாமலே என்ஜின் ஓடுகிறதே, எப்படி? மாட்டுக்கார மாமாதான் விளக்கம் சொன்னார். பூசாரி வேலை போய்விட்டது, பேச்சு போகவில்லை.

"வெள்ளக்காரன் தெரியாம ஒண்ணு கூடப் போட்டுட்டான். அத நம்ம பய கண்டுபிடிச்சுக் கழட்டி வச்சிருக்கான்" என்றார்.

இரண்டு வாரத்தில் அதுதான் உண்மை. வெள்ளைக்காரனுக்கே தெரியாததைக் கண்டுபிடித்தவன் என் அண்ணன். அவன் பயத்தில் காய்ச்சல் வந்து செத்ததாகச் சொன்ன அதே வாய்கள்தான் இதையும் சொல்லின. எனக்கு இதுவும் பொய் என்று தெரியும். முதலாளி சொன்ன அந்த ஒரு வார்த்தை போதும் என்று இருந்தவளுக்கு, இது கொசுறு மாதிரி கிடைத்தது. வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வருசநாட்டிலிருந்து மறுபடி ஆள் வந்தது. அண்ணனுக்கு வருசம் திரும்பித் தலைத்திவசம் முடியட்டும் என்று ஆத்தா சொல்லி அனுப்பினாள். இந்தத் தடவை பூவை வைத்துவிட்டுப் போனார்கள்.

அந்தப் போல்ட்டை ஆத்தா கேட்டு வாங்கிக்கொண்டாள். எங்கள் வீட்டு மாடக்குழியில் நிறுத்தி வைத்திருக்கிறாள். வெள்ளிக்கிழமை சந்தனம், குங்குமம், ஓரத்தில் பீடி. சனிக்கிழமை எண்ணெய். இப்போது பீடியைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருவதில்லை. ஆனால் ஆத்தா களைவெட்டுக்குப் போன பிறகு, ஒரு விளக்குமாற்றுக் குச்சியை எடுத்து அந்தப் போல்ட்டின் மரையில் இருக்கிற சந்தனத்தையெல்லாம் நோண்டி எடுத்துவிட்டுத் திரும்ப வைத்துவிடுகிறேன். என்றைக்காவது டிராக்டர் நின்று, மேஸ்திரி மலையிலிருந்து இறங்கி வந்து அதைக் கேட்டால், ஓட்டையில் சிக்காமல் போக வேண்டும்.